“பில் உண்டல்லோ சேச்சி?”: எல்லை தாண்டிச் சிப்ஸ் விற்கப் படித்த பாடம்

2021 ஓணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில் ஒரு பெரிய மளிகைக் கடை முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கையில் இரண்டு பை, அதில் 12 கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கேட்காமலே இரண்டாவதையும் எடுத்தார். “கொள்ளாம் சேச்சி (நல்லா இருக்கு அக்கா). ஓணம் வரைக்கும் தினம் 20 கிலோ தர முடியுமா?” என்றார். எனக்குக் கை நடுங்கியது. முடியும் என்று தலையாட்டினேன். “ஜி.எஸ்.டி. பில் உண்டல்லோ?” என்று அடுத்த கேள்வி வந்தது.

என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார், பில் இல்லாத சரக்கைக் கடையில் வைக்க முடியாது என்று. அந்த 12 கிலோவையும் சுமந்துகொண்டு திரும்பினேன். சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தது போக மிச்சம் காரல் வாடை வந்து வீணானது. அந்த ஓணம் எங்களுக்கு அப்படிப் போனது.

எங்கள் வீடு எல்லைக்கு இந்தப்புறம், கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்குப் பக்கம். எல்லை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்–கொச்சியாக ஒன்றாகத்தான் இருந்தது. இன்றும் பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம். வாழைக்குலையும் தேங்காயும் காலை மாலை போய்வருகின்றன. அதனால் பாறசாலைக் கடையும் மார்த்தாண்டம் கடையும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. பில் என்று வரும்போது அப்படி இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கணவர் 2020-இல் வளைகுடா வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்தார். கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே தொழில் மாமியின், அதாவது என் மாமியாரின், கைப்பக்குவம். ஏத்தங்காய் வறுப்பதில் அவர்களை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொலி உரிப்பார்கள், இல்லாவிட்டால் கறை ஒட்டும். உரித்த காயை மஞ்சள் தண்ணீரில் போட்டு, கழுவித் துடைத்து, கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவுகட்டையைப் பிடித்து நேராக உருளிக்குள் சீவுவார்கள். நான் முதலில் நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அது எப்போதும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ போகும். “நெறத்தப் பாக்காத மக்ளே, சத்தத்தக் கேளு” என்றார்கள். சலசல என்று இரைகிற எண்ணெய் கொஞ்சம் அடங்கும்போது உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி விட வேண்டும். சட்டென்று பொங்கும், மறுபடியும் இரையும். அந்த இரைச்சலும் அடங்கி, வில்லைகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். அப்போது அரிகரண்டியைப் போட வேண்டும். இதைப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கையில் ஒரு தொழில் இருக்கிறவர்கள் அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் கேட்டோ படித்தோ தெரிந்துகொள்ளலாம், இதைக் கைதான் படிக்க வேண்டும்.

திரும்பி வந்த மறுவாரம் குழித்துறையில் ஒரு கணக்காளரிடம் போனேன். சரக்கு விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான், ஆனால் மாநிலத்துக்குள் விற்கிறவர்களுக்கு. வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விதிவிலக்குகள் போக, அந்த 40 லட்சம் வரம்பு நமக்குக் கிடையாது. முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். சின்ன வியாபாரிகளுக்கென்று உள்ள காம்போசிஷன் திட்டமும் உதவாது. அதில் சேர்ந்தவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. மதுரையில் இருக்கிறவர்கள் வெளிமாநிலம் என்றால் லாரி பிடித்து யோசிப்பார்கள். நமக்கு அது பத்து ரூபாய் டிக்கெட் தூரம். செங்கோட்டையோ கம்பமோ கூடலூரோ பொள்ளாச்சிப் பக்கமோ, எல்லையோரம் எந்த ஊரில் இருந்தாலும் தொழில் தொடங்கும் முன்னால் இதை மனதில் வையுங்கள். என் முதல் ஆண்டு இது தெரியாததால்தான் போனது.

பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு, தொழில் நடக்கும் இடத்துக்கு ஆதாரம், அவ்வளவுதான். வீடு மாமனார் பெயரில் இருந்ததால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கினோம். முதல் விண்ணப்பத்துக்குக் கேள்வி வந்தது. மின் கட்டண ரசீதில் பழைய கதவு எண், வீட்டு வரி ரசீதில் புது எண். நோட்டீஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் கணக்காளர் பொறுமையாக விளக்கினார், இது தண்டனை இல்லை, விளக்கம் கேட்கிறார்கள், ஏழு வேலை நாளுக்குள் பதில் போட்டால் போதும் என்று. இரண்டு எண்ணும் ஒரே வீடுதான் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதி வாங்கி இணைத்தேன், ஜி.எஸ்.டி. எண் கிடைத்துவிட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் முன்னால் எல்லா ரசீதையும் மேசையில் பரப்பி, பெயரின் எழுத்தும் கதவு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

எண் வாங்கியதோடு முடியவில்லை. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் (விற்பனை, வரிக் கணக்கு) போட வேண்டும், தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். 5 கோடிக்குள் விற்பனை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். நான் அதைத்தான் எடுத்தேன்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இதைவிடச் சுலபம். அப்போது 12 லட்சம் வரை விற்பனைக்குப் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 500 கட்டினேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில்தான் ஏமாந்தேன். ஒரு சேவை மையத்தில் 1500 ரூபாய் வாங்கினார்கள். அரசின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்து நாமே பதியலாம், ஒரு பைசா கிடையாது. இணைய முகவரியின் கடைசியில் gov.in என்று இருக்கிறதா என்று பார்த்து உள்ளே போங்கள். பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் சீக்கிரமே முடித்துவிடுவார்கள்.

பாக்கெட் போட்டு விற்பதால் எடையளவுச் சட்டமும் உண்டு. தயாரித்தவர் பெயர் முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் ஆண்டு, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். நாங்கள் தமிழும் மலையாளமும் சேர்த்து அச்சிட்டோம். பாக்கெட் போடுகிறவர் என்று தனியாகவும் பதிய வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடித்து 2022 ஓணத்துக்கு அதே பாறசாலைக் கடைக்குப் போனேன். பில் புத்தகத்தை முதலில் மேசைமேல் வைத்தேன். அவர் சிரித்தார். அந்த ஓணத்துக்கு நாங்கள் வீட்டில் மூன்று உருளி வைத்து வறுத்தோம்.

சரி, பணம் நின்றதா? நிற்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பெண்கள் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து விடுகிறார்கள். எங்கள் கணக்கில் ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்றரைக் கிலோ காய் வேண்டும். காய் கிலோ 35 என்றால் 122 ரூபாய். 350 கிராம் எண்ணெய், 77 ரூபாய். கேஸ், உப்பு, மஞ்சள், பாக்கெட் எல்லாம் 20. மொத்தம் 220-க்குள் முடிகிறது, கடைக்கு 260-க்குக் கொடுக்கிறோம், கிலோவுக்கு 40 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சாதாரண நாளில் 10 கிலோ வறுப்போம். அப்படியானால் நாளுக்கு 400. அதற்கு மாமியும் நானும் விடியற்காலை ஐந்து முதல் மாலை வரை அடுப்பங்கரையில் நிற்கிறோம். ஆளுக்கு 200 ரூபாய். பஸ் காசும், திரும்பி வந்த நொறுங்கிய பாக்கெட்டும் அதற்குள்தான். தோட்ட வேலைக்குப் போனாலே அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

கணவர்தான் நோட்டைப் பார்த்து, “இதுல உங்க ரெண்டு பேருக்கும் கூலி எங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் வீட்டு வறுவல் தொழிலானது. நோட்டில் முதல் வரியாக இரண்டு பேர் கூலியை எழுதினோம், அப்புறம்தான் காய் விலை. விலை தானாக ஏறியது. இரண்டு கடைகள் விலகின. தேங்காய் எண்ணெயில் வறுத்ததென்று ருசி தெரிந்த கடைகள் நின்றன. நம் வீட்டுப் பெண்களின் உழைப்பு இலவசம் என்று நாமே எழுதினால் கடைக்காரர் எப்படி விலை கொடுப்பார்?

கடனும் அப்படித்தான். ஓணத்துக்கு வாங்கிய சரக்குக்கு அடுத்த சித்திரை விஷு வரைக்கும் பணம் இழுத்தவர்கள் உண்டு. முந்தின பில் தீர்ந்தால்தான் அடுத்த சரக்கு என்று இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முகம் சுளித்தவர்கள் குறைவு.

2023-இல் சீவும் இயந்திரம், எண்ணெய் வடிக்கும் இயந்திரம், சீல் போடும் இயந்திரம் வாங்க, உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் விண்ணப்பித்தேன். அப்போது திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 10 லட்சம். நம் பங்காகக் குறைந்தது 10 விழுக்காடு போட வேண்டும், மீதி வங்கிக் கடன். மானியம் கையில் கிடைக்கும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். அது வங்கியிலேயே தனியாக நிற்கும். மூன்று ஆண்டு தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். முதலில் போன வங்கியில் ஒன்றுமில்லாமல் அனுப்பினார்கள். இரண்டாவது வங்கியில் மேலாளர் அம்மா ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுமை என்று நினைத்துப் போட்ட அந்தக் காகிதம்தான் எனக்குச் சாட்சி சொன்னது.

2025 ஓணம் பெரிய சோதனை. கிலோ 200 ரூபாய்ச் சுற்றில் வாங்கிய தேங்காய் எண்ணெய் 400-ஐத் தாண்டிவிட்டது. பாமாயிலுக்கு மாறச் சொல்லாத ஆள் இல்லை. மாமி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்கள். 200 கிராம் பாக்கெட்டை 150 ஆக்கி, எடையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய்ச் சொன்னேன். விற்பனை குறைந்தது, நிற்கவில்லை. லேபிளில் தேங்காய் எண்ணெய் என்று எழுதியிருக்கிறோம், உருளியிலும் அதுதான் இருக்க வேண்டும்.

போன வாரம் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ் நன்றாகப் போடுவாள். எல்லைக்கு அந்தப்புறம் இஞ்சிவிளையில் ஒரு கடை கேட்கிறதாம். “எக்கா, மொதல்ல என்ன செய்யணும்?” என்றாள். கோடு போட்ட ஒரு நோட்டைக் கொடுத்து முதல் வரியில் அவள் கூலியை எழுதச் சொன்னேன். நாளைக் காலை மின் கட்டண ரசீதும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு வருகிறாள், கதவு எண் ஒன்றா என்று பார்க்க.