கனசாவா நாட்குறிப்பு: அம்மாவின் கை

நவம்பர் 20, 2024, புதன்

ஒசாகாவிலிருந்து கனசாவாவுக்கு முன்பெல்லாம் ஒரே ரயில். இந்த மார்ச்சில் ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையை சுருகா வரை நீட்டிவிட்டதால் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டியிருக்கிறது. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. கடைகடையாகப் பார்த்து அலுத்துப்போய், "எங்கயாவது உக்காந்து கையால எதையாவது செய்யற இடமா கூட்டிட்டுப் போடி" என்று போன வாரம் கேட்டாள். எனக்கு உடனே தோன்றியது கனசாவாதான்.

1583இல் மாயேதா தொஷியியே என்ற பிரபு கோட்டைக்குள் வந்ததிலிருந்து அவர் வம்சம் ஆண்ட ஊர் இது. பத்து லட்சம் ‘கொக்கு’ அரிசி விளையும் சீமை என்று பெயர்; ‘கொக்கு’ என்பது அரிசியை அளக்கும் பழைய ஜப்பானிய அளவை. அவ்வளவு செல்வத்தையும் படைக்குச் செலவழித்தால் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்குச் சந்தேகம் வரும் என்று கைவினைக்குக் கொட்டினார்கள் என்பார்கள்.

இறங்கும்போதே மழை. ‘சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. அம்மாவுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் ஹிகாஷி சாயா. 1820இல் கெய்ஷாக்கள் என்ற ஆடல்பாடல் கலைஞர்களின் தேநீர் விடுதிகளுக்காக ஒதுக்கிய தெரு. மெல்லிய மரச்சட்டம் அடித்த முகப்புகள் மழையில் நனைந்து கறுத்திருந்தன. அந்தப் பக்கத்தில்தான் தங்க ரேக்கு ஒட்டும் பயிற்சிக்கு இடம் பிடித்திருந்தேன்.

ஜப்பானில் உருவாகும் தங்க ரேக்கில் 98 சதவீதத்துக்கு மேல் இந்த ஊரிலிருந்துதான் போகிறது. ஒரு பத்து யென் நாணயம் அளவுத் தங்கத்தை அடித்து அடித்து ஒரு தத்தாமி பாய் அளவுக்கு விரிக்கிறார்கள். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் வெள்ளியும் துளி செம்பும் சேர்த்தால்தான் அந்த அளவுக்கு மெலியுமாம். காற்று வறண்டிருந்தால் ரேக்கு கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரின் ஓயாத ஈரம் அதற்குத் தோது. நேற்று மழையைத் திட்டியதை வாபஸ் வாங்கினேன்.

சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். மூங்கில் இடுக்கியால் ஒரு தாளை எடுத்துத் தோல் பலகையில் வைத்தார். அது நடுவில் சுருங்கிக் கிடந்தது. குனிந்து, விளக்கை அணைக்கிற மாதிரிகூட இல்லை, அதைவிட மெல்ல, நட்டநடுவில் ஒரே ஒரு ஊது. நான்கு மூலையும் ஒருசேரப் படிந்துவிட்டன. நான் ஊதினேன். என் தாள் இரண்டாக மடிந்து எழுந்து என் சட்டையில் அப்பிக்கொண்டது. அம்மா ஊதினாள். முதல் தடவையிலேயே முக்கால்வாசி படிந்தது. அந்த அம்மாள் "ஓ!" என்று கைதட்டினார்.

நாங்கள் செய்தது ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியில் ரேக்கை வைத்து, பஞ்சால் அமுக்கி, மிச்சத்தைத் துடைத்து எடுத்தது மட்டும்தான். கடைசிப் படி. அதற்கு முந்திய வேலை எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் இருந்தது. ரேக்குகளுக்கு இடையில் வைத்து அடிக்கும் காம்பி என்ற செடியின் நார்க் காகிதத்தை வைக்கோல் சாம்பல் நீர், பழுக்காத பெர்சிமன் பழச் சாறு, முட்டை எல்லாம் கலந்ததில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். காகிதம் சரியாக வந்தால்தான் தங்கம் விரியும். அதனால் ரேக்கு அடிப்பவரின் வேலையில் பெரும்பங்கு காகிதத்தோடுதான். தேய்ந்துபோன காகிதத்தையும் வீணாக்காமல், முகத்து எண்ணெயை ஒற்றி எடுக்க விற்றார்கள். ஒரு தாளைக் கிழித்த பிறகுதான் இதெல்லாம் எனக்குக் கண்ணில் பட்டது. வெறுமனே பார்த்துவிட்டு வந்திருந்தால் பளபளப்பு மட்டும்தான் மனதில் நின்றிருக்கும்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு ரேக்கு ஒட்டும் பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மா ராத்திரி வெகுநேரம் பேசினாள்.

நவம்பர் 22, வெள்ளி

காகா யூசென். பட்டுத் துணியில் கையால் படம் வரைந்து சாயம் தீட்டும் முறை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு கைக்குட்டை. கோடுகளை அரிசிக் கூழ்ப்பசையால் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். சாயம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஓடாமல் இந்தப் பசைதான் வரப்பு மாதிரி நிற்கும். அந்தக் காலத்தில் வேலை முடிந்ததும் துணியை ஆசானோ ஆற்றில் அலசிப் பசையைப் போக்குவார்களாம்.

ஐந்து நிறங்கள்: அவுரி நீலம், அரக்குச் சிவப்பு, காவி மஞ்சள், புல் பச்சை, பழைய ஊதா. கியோத்தோக்காரர்கள் இலையின் உள்ளிருந்து வெளியே நிறத்தை மங்கவைப்பார்கள், இங்கே ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி உள்ளே போகப்போக வெளிறவிடுகிறார்கள். தங்கத்தையும் பூத்தையலையும் சேர்ப்பதில்லை. ரேக்கு செய்கிற ஊரின் துணியிலேயே தங்கம் இல்லை! எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சுவரில் மாட்டியிருந்த கிமோனோவை அம்மா உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, இந்த இலையில பூச்சி அரிச்சிருக்கே, பாழாப் போச்சே" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. வேண்டுமென்றே வரைவதாம். ‘முஷிகுயி’, அதாவது பூச்சி தின்றது. தோட்டத்தில் இலை எப்படி இருக்குமோ அப்படியே. அம்மா தன் கைக்குட்டையில் ஒரு இலையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி மஞ்சளை இழுத்தாள். கோலத்துக்கு மாக்கல் பொடி பிடித்துப் பழகிய விரல், தூரிகையை அசைக்காமல் பிடித்தது. என் இலை எல்லாம் பச்சையாக, மொழுமொழுவென்று, பிளாஸ்டிக் மாதிரி வந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் இஸ்திரி போட்டால்தான் சாயம் நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நவம்பர் 23, சனி

அரசு விடுமுறை. எங்கும் கூட்டம். ஒமிச்சோ சந்தையில் நண்டுக் குவியல்களைத் தாண்டுவதற்குள் அம்மா சோர்ந்துவிட்டாள்.

மதியம் வாகாஷி என்ற ஜப்பானிய மரபு இனிப்பு பிடித்தோம். வெள்ளை அவரைப் பருப்பை வேகவைத்துச் சர்க்கரையோடு கிளறி, பசையரிசி மாவு சேர்த்துப் பிசைந்த நெரிகிரி மாவு. முட்டை, பால் எதுவும் கிடையாது, அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். மாவைத் தட்டி, நடுவில் பூரணம் வைத்து, கட்டைவிரலால் சுழற்றிச் சுழற்றி மூட வேண்டும். "கொழுக்கட்டைதானே" என்று அம்மா இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஆனால் அதன்மேல் மூங்கில் குச்சியால் செவ்வந்தி இதழ் கீறும்போது தடுமாறினாள். அழுத்தினால் பூரணம் தெரிகிறது, விட்டால் இதழ் இல்லை. நான்கை அழித்துவிட்டு ஐந்தாவதைத்தான் தட்டில் வைத்தாள்.

அப்புறம் அதே இனிப்போடு தேநீர். அம்மாவின் முழங்காலைப் பார்த்து, கேட்காமலே ஒரு குட்டி முக்காலி கொண்டுவந்து வைத்தார்கள். கிண்ணம் ஓஹி வகை, தேன் நிற மெருகு. 1666இல் மாயேதா வம்சத்து ஐந்தாம் பிரபு கியோத்தோவிலிருந்து சென்சோ என்ற தேநீர் ஆசானை அழைத்தபோது கூட வந்த குயவர் ஓஹி என்ற கிராமத்து மண்ணில் தொடங்கியது. சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைவதால் விரல் பதிந்த மேடு பள்ளம் தெரிகிறது. கிண்ணத்தை இரண்டு முறை வலப்பக்கம் திருப்பி, அதன் முகப்பில் வாய் படாமல் குடிக்க வேண்டும். அம்மா குடித்து முடித்தும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

கென்ரொகுஎன் தோட்டம். கராசாகி பைன் மரத்துக்குப் பனிக் கயிறு கட்டி முடித்திருந்தார்கள். உயரமான கம்பங்களின் உச்சியிலிருந்து சுமார் 800 வைக்கோல் கயிறுகள், குடை விரித்த மாதிரி, ஒவ்வொரு கிளையையும் தாங்கிப் பிடிக்கின்றன. இந்தப் பக்கத்துப் பனி ஈரமானது, கனம் தாங்காமல் கிளை முறிந்துவிடும். இதற்கு மட்டும் சுற்றுலாக்காரர்களுக்குப் பயிற்சி இல்லையா என்று அம்மா கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

இரவு 11 மணி. ஒசாகா. அம்மா கைக்குட்டையை மேசையில் விரித்து, மேலே ஒரு பழைய வேட்டித் துண்டைப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். பூச்சி அரித்த இலைக்கு மட்டும் இரண்டு தடவை.