கதவுப் பிடி குத்திய ஜிப்சம் சுவருக்குப் பட்டி மட்டும் போதாது

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வாடகைக்கு விடும் அறைகளில் ஜிப்சம் போர்டுத் தடுப்புச் சுவர் இருந்தால், கதவுப் பிடி இடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓர் ஓட்டையும் இருக்கும். உள்ளே பேப்பரைத் திணித்து மேலே பட்டி பூசிவிட்டால் முடிந்தது என்பார்கள். கதவு மறுபடி இடித்ததும் பட்டி வில்லையாகப் பெயர்ந்து விழும். பின்னால் தாங்க ஒன்றுமில்லையே, வேறென்ன ஆகும்?

முதலில் ஓட்டையைப் பெரிதாக்குங்கள். மெயினை அணைத்துவிட்டு (உள்ளே ஒயர் ஓடலாம்), கெட்டியான போர்டு வரும்வரை சதுரமாக அறுத்து எடுங்கள். ஓட்டையைவிட 10 செ.மீ. நீளமாக, 2 அங்குல அகலத்தில் இரண்டு பிளைவுட் துண்டுகள் வேண்டும். துண்டின் நடுவில் ஒரு ஸ்க்ரூவைப் பாதி முடுக்கி, அதையே பிடியாக்கி உள்ளே விட்டு இழுத்துப் பிடித்தபடி, பழைய போர்டோடு 25 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ தலை லேசாக அமுங்கினால் போதும். போர்டின் மேல் காகிதம் கிழிந்தால் பிடிப்பே போய்விடும். பிறகு நடு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய போர்டின் அதே கனத்தில் (பெரும்பாலும் 12.5 மி.மீ.) ஒரு போர்டுத் துண்டைச் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, பிளைவுட்டோடு ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள்.

இணைப்புக்கு ஜாயிண்டிங் காம்பவுண்ட்தான் (ஜிப்சம் போர்டு இணைப்புக்கென்றே உள்ள பூச்சு). சிமென்ட் பட்டி வேண்டாம், தடுப்பு அதிரும்போது அது விரிசல் விட்டுவிடும். இடைவெளியை நிரப்பி, மெலிதாகப் பூசி, ஈரத்திலேயே பேப்பர் டேப்பை வைத்துப் பிளேடால் இழுங்கள். அடியில் காம்பவுண்ட் இல்லாத இடத்தில் டேப் கொப்புளமாக எழும்பும். அதை வெட்டியெடுத்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும். இரண்டாம் பூச்சு 20 செ.மீ. அகலம், மூன்றாவது 30. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் மேடு தெரியும்.

தண்ணீர் கலந்து இறுகும் ஜிப்சம் தூள் வாங்கினால் உப்புப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு பட்டால் சீக்கிரம் இறுகும், தட்டிலேயே கட்டியாகிவிடும். கேன் தண்ணீர் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழு நாளாவது விட வேண்டும்.

காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு பிரைமர். பிரைமர் இல்லாமல் பெயின்ட் அடித்தால் ஒட்டுப் போட்ட இடம் உறிஞ்சி மங்கலாகவே நிற்கும்.

பாத்ரூம் பக்கச் சுவர் கட்டைவிரலுக்கு அமுங்கினால் இந்த ஒட்டு வேலை எதுவும் நிற்காது. ஒழுகலை அடைத்துவிட்டு, ஊறிய பகுதி முழுவதையும் எடுத்து ஈரம் தாங்கும் பச்சை போர்டு போடுங்கள். கதவுக்குத் தரையில் ஒரு ஸ்டாப்பரும் அன்றைக்கே அடித்துவிடுங்கள்.