ஜிஆர்இ கணக்கும் என் தப்பு நோட்டும்

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வில் கணக்கு என்றாலே 'அட, அது பள்ளிக் கணக்குதானே' என்பார்கள். பொய்யில்லை. கால்குலஸ் கிடையாது, திரிகோணமிதி கிடையாது. எண்கள், இயற்கணிதம், வடிவியல், கொஞ்சம் புள்ளியியல், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு முதல் மாதிரித் தேர்வை எழுதினேன். 27 கேள்வியில் 9 தப்பு. உட்கார்ந்து பார்த்தால் அதில் எனக்கு நிஜமாகவே தெரியாத கணக்கு இரண்டே இரண்டு!

மீதியில் பாதிக்கு மேல் அந்த ஒப்பீட்டுக் கேள்விகள். இரண்டு அளவைக் கொடுத்து எது பெரியது, இல்லை சமமா, இல்லை சொல்லவே முடியாதா என்று கேட்பார்கள். ஒரு பக்கம் x, இன்னொரு பக்கம் x². 2 போட்டுப் பார்த்தேன், 3 போட்டுப் பார்த்தேன், வர்க்கம்தான் பெரிசு என்று அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். 1 போட்டால் சமம், அரை போட்டால் x பெரியது. x முழு எண் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை, நானாகவே சேர்த்துக்கொண்டது.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். சரியான விடையை அதில் எழுதுவதில்லை, தப்பு பண்ணும்போது மனதில் என்ன ஓடியது என்பதை மட்டும். 'முழு எண் என்று நினைத்தேன்' முதல் பக்கத்திலேயே நான்கு முறை. x² = 16 என்றால் –4-ம் உண்டு என்பதை மறந்தது, படத்தைப் பார்த்துச் செங்கோணம் என்று நம்பியது (படங்கள் அளவுப்படி இருக்க வேண்டியதில்லை), இப்படியே போகும். அப்புறம் x என்று கண்ணில் பட்டாலே 0, 1, அரை, ஒரு மைனஸ் எண் என்று கை தானாகப் போட ஆரம்பித்தது.

நேரம் இன்னொரு தொல்லை. முதல் பகுதி 12 கேள்வி, 21 நிமிடம். அடுத்தது 15 கேள்வி, 26 நிமிடம். சராசரியாக ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட முழுசாக இல்லை. முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாவதன் கடினம், அதனால் முதல் பகுதியில் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். தப்புக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள். திரையில் கால்குலேட்டர் இருக்கிறது, சரி, ஆனால் 240-இல் 15 சதவீதத்துக்கு அதைத் திறப்பதற்குள் 24-ம் 12-ம் கூட்டி 36 என்று முடித்துவிடலாம்.

கடைசி மாதிரித் தேர்வில் மூன்றே தப்பு. அதில் ஒன்றில் x மிகை முழு எண் என்று கேள்வியே தெளிவாகச் சொல்லியிருந்தது, நான்தான் அரையும் மைனஸும் போட்டுப் பார்த்து 'சொல்ல முடியாது' என்று அடித்திருந்தேன்.