பதினாலு தேவதைங்க

"அப்பா, உன் கைய குடு"ன்னு இருட்டுல கிசுகிசுத்தா மக.

மேடையில ஹேன்சல்னு ஒரு பையனும் அவன் கூடப்பொறந்த கிரெட்டலும் காட்டுக்குள்ள படுத்துட்டாங்க, ராத்திரி ப்ரேயர் பாட்டுல சொன்ன 14 தேவதைங்களும் ஒவ்வொருத்தரா இறங்கி வந்து சுத்தி நிக்கிறாங்க, இவ எண்ணிட்டே வந்து பத்து விரலும் தீர்ந்துபோச்சு, மிச்சத்துக்கு என் நாலு விரல கடன் வாங்கிட்டா.

ஓபரான்னா, அதான் பாட்டாவே நடக்கற நாடகம், தூக்கம் வரும்னு நெனச்சு போன ஆளு நான்.

"ஹேன்சல் பையன்தானே, ஏன் ஆன்ட்டி பாடுறாங்க?"

அந்த ரோலையே பெண் குரலுக்குத்தான் எழுதுனாங்கம்மா. சில இடத்துல கதையில வர்ற சூனியக்காரியா ஆம்பளையே பாடுவாருன்னதும் ஒரே சிரிப்பு.

இது ஆரம்பிச்சதே வீட்டு விளையாட்டாத்தான். இந்த ஓபராவுக்கு இசையமைச்ச ஹம்பர்டிங்கோட தங்கச்சி தன் பசங்களுக்காக எழுதி அண்ணன்கிட்ட ட்யூன் கேட்டாங்க, அது வளந்து வளந்து 1893 டிசம்பர்ல ஜெர்மனியில இருக்கற வைமர்ல மேடையேறிடுச்சு.

இதுக்கு மூலமான கிரிம் சகோதரர்கள் கதையில பசங்கள காட்டுல விட்டுட்டு வரலாம்னு சொல்றதே அம்மாதான் (பின்னாடி வந்த பதிப்புல சித்தி). தங்கச்சி அத மாத்திட்டாங்க. ஓபராவுல அம்மா, பால் ஜாடி உடைஞ்ச கோவத்துல பசங்கள ஸ்ட்ராபெரி பறிக்க துரத்தறா, அவ்ளோதான், அப்புறம் தனியா உக்காந்து அழறா. பசங்கள வச்சிருக்கவங்க கை வேலை, தெரியுது.

வீட்டுக்கு வந்து தூங்கற வரைக்கும் அந்த நாலு விரல விடல.