பிளஸ் ஒன் சேர்க்கை: கேட்ட குரூப்பை வாங்குவதற்குள்

என் அக்காள் மகளுக்குத் தருமபுரி நகரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தூய அறிவியல் பிரிவில் இடம் கிடைத்து, அவள் ஒழுங்காக வகுப்புக்கும் போய் வருகிறாள் என்பதால் இதை இப்போது நிதானமாக எழுத முடிகிறது. சேர்க்கை நடந்த 2025 ஜூன் மாதத்திலேயே எழுதியிருந்தால் இதில் பாதி வசவாக இருந்திருக்கும். பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்களுக்கு இது குறிப்பாகப் பயன்படும். மேல்நிலைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அதே கட்டடத்தில் அடுத்த வகுப்பு காத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைதான் கையில் டி.சி.யோடு வாசல் வாசலாக நிற்க வேண்டியிருக்கிறது.

அக்காவும் அவர் கணவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், என் அம்மாவின் பராமரிப்பில் வளர்கிற பெண் இவள். மே 16 அன்று தேர்வு முடிவு வந்தபோது அறிவியலில் 91, கணக்கில் 58, மொத்தம் 389 வாங்கியிருந்தாள். தற்காலிக மதிப்பெண் சான்றிதழைப் பதிவிறக்கியதிலும் பழைய பள்ளியில் டி.சி. வாங்கியதிலும் எந்தச் சிக்கலும் இல்லை. அந்தத் தலைமையாசிரியை தாமே எல்லாவற்றையும் சரிபார்த்து, சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்தே இருக்கும் ஆசை. வீட்டில் மாடு இருக்கிறது. மருத்துவர் ஊசி போட வரும்போதெல்லாம் கூடவே நின்று கேள்வி கேட்பாள். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பெயர் அவளுக்கு மனப்பாடம். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான கால்நடை மருத்துவ இடங்களுக்கு நீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். தாவரவியல், விலங்கியல் எனத் தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அவ்விரண்டின் சராசரியை உயிரியல் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வார்கள். அந்த 200இல் கணிதத்துக்கு இடமே இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே 58 வாங்கிய பெண் இன்னும் இரண்டு ஆண்டுகள் கணிதத்தோடு மல்லுக்கட்டி, உயிரியலுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை அதற்குக் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆகவே இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட தூய அறிவியல் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினோம். என்ன படிப்பது என்று இன்னும் தீர்மானிக்காத பிள்ளைக்கு, கணக்கும் ஓரளவு வருமானால், உயிரியலோடு கணிதமும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்தான் பாதுகாப்பானது. செட்டிக்கரையிலோ பர்கூரிலோ உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியாக இருந்தாலும் பன்னிரண்டில் கணிதம் இல்லாமல் உள்ளே போக முடியாது. மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு உயிரியல் இல்லாமல் முடியாது. அந்தப் பிரிவில் இரண்டும் இருக்கின்றன.

ஊருக்கு அருகில் உள்ள மேல்நிலைப் பள்ளிக்குத்தான் முதலில் போனோம். சேர்க்கைக்கென்று போட்டிருந்த மேசையில் இருந்தவர் மதிப்பெண் சான்றிதழை வாங்கி மொத்தத்தை மட்டும் பார்த்தார். விண்ணப்பத்தில் பெயர் எழுதுவதற்கு முன்பே பாடப்பிரிவு என்ற கட்டத்தில் சிவப்பு மையால் எண் 1 என்று போட்டுவிட்டார். பிள்ளை அவருக்கு எதிரே ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூய அறிவியல் வேண்டும் என்று நான் சொன்னதும், இந்தப் பள்ளியில் அந்தப் பிரிவே இல்லை, முதல் பிரிவும் வணிகவியலும் தொழிற்பிரிவில் செவிலியமும்தான் இருக்கின்றன என்றார். கணக்கு வராது என்றால் செவிலியத்தில் போட்டுவிடலாம், பெண் பிள்ளைக்கு அதுவும் மருத்துவம்தானே என்று அவர் அடுத்துச் சொன்னது கொஞ்சம் ஆபத்தான யோசனை. தொழிற்பிரிவுச் செவிலியத்தில் இயற்பியலும் வேதியியலும் பாடங்களாக இல்லை. கால்நடை மருத்துவம் ஒருபுறம் இருக்கட்டும், பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். நர்சாக வேண்டும் என்ற ஆசையில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, பன்னிரண்டு முடித்த பிறகு நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தின் தகுதிப் பகுதியைப் படித்துத் திகைக்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. மேசையில் இருந்தவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பிரிவில் காலியிடம் அதிகமோ அந்தப் பிரிவு அவர் வாயில் முதலில் வருகிறது.

வேறு பள்ளியில் விசாரித்துவிட்டு வருகிறோம் என்று சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டோம். அதற்குள் டி.சி.யின் மூலப்பிரதி விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டு, கோப்புக்குள் போய்விட்டது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், அவர் கையெழுத்து இல்லாமல் எதையும் வெளியே கொடுக்க முடியாது என்றார்கள். மறுபடி போனபோது எழுத்தர் விடுப்பு. அடுத்த முறை, இங்கே என்ன குறை, நகரத்துக்கு அனுப்பினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அரை மணி நேர உபதேசம். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற அவர்களுடைய கவலை எனக்கும் புரிகிறது. அதற்காக ஒரு பிள்ளையின் டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

டி.சி. கைக்கு வந்த பிறகு, அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருப்பது தெரிந்தது. காகிதத்தில் டி.சி. கொடுப்பதோடு, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பள்ளிக் கல்வித் துறை விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பழைய பள்ளி மாணவரின் பதிவைக் காமன் பூல் என்று சொல்லப்படும் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து அவரைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் முதலில் போன அன்றே அந்தப் பள்ளியில் இவளைத் தங்கள் மாணவியாக எமிஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். நகரத்துப் பள்ளியில் அவளுடைய எமிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்த கணினி ஆசிரியை, உங்கள் பெண் ஏற்கெனவே வேறு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிப்பதாகக் காட்டுகிறதே என்றார். காகிதம் எங்கள் கையில் இருந்தது. பிள்ளை இன்னும் அங்கேதான் இருந்தாள். திரும்பவும் அங்கே போய், பதிவை விடுவிக்கச் சொல்லிக் கேட்டால், சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணை அழைத்து விவரத்தைச் சொல்லி, அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதி, அதன் நகலை அந்த மேசையில் வைத்த பிறகு சர்வர் வேலை செய்தது. மனுவைக் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. என் மடிப்பு கலையாத மனுவுக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே எழுதியிருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

இதனால் அனைவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் கேட்ட பாடப்பிரிவில் இடம் உறுதி என்று வாய்மொழியாகவாவது தலைமையாசிரியரே சொல்லும் வரை, டி.சி.யின் மூலப்பிரதியையும் எமிஸ் எண்ணையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். நகலைக் காட்டினால் போதும். போவதற்கு முன்பே, அந்தப் பள்ளியில் எந்தெந்தப் பிரிவுகள் நடக்கின்றன, ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்பதை அங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருப்பார்; பிள்ளைகளிடம் கேட்டால்தான் வேதியியல் ஆசிரியர் மாறுதலில் போய்ப் பல மாதங்கள் ஆன விஷயம் தெரியும்.

இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு தனியார் விடுதிப் பள்ளியின் ஆட்கள் ஜீப்பில் வீட்டுக்கே வந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது ஒன்றும் புதிதல்ல. தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து நல்ல மதிப்பெண் வாங்கிய வீடுகளின் தொலைபேசி ஓயாது. அறிவியலில் 91 என்பதால் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறோம், மீதியைத் தவணையில் கட்டலாம், உயிரியல் ஆசிரியர்கள் விடுதியிலேயே தங்கியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் இனிக்க இனிக்கப் பேசினார்கள். அம்மாவும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறதே, பதினொன்றில் உங்களிடம் வந்தால் அது போய்விடுமே என்று நான் கேட்டேன். வந்தவரில் மூத்தவர் கொஞ்சம் தயங்கி, எங்களிடம் படித்தால் அந்த ஒதுக்கீடே தேவைப்படாது என்றார். அந்தப் பதிலில் எனக்குத் தேவையான தகவல் முழுவதும் இருந்தது.

ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. அது கிடைக்காமல் சாதாரணக் கலைக் கல்லூரிக்குப் போனாலும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடிக்கும் வரை மாதம் 1000 ரூபாய் வரும். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஏழு ஆண்டுக் கணக்கில் ஐந்து ஆண்டுகளை ஏற்கெனவே முடித்துவிட்ட பிள்ளையை, கடைசி இரண்டு ஆண்டுகளுக்காகக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுவதில் உள்ள நட்டத்தை ஜீப்பில் வருபவர் எவரும் சொல்லமாட்டார். தனியார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அது கூடாது என்று சொல்ல வரவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன்.

நகரத்துப் பள்ளியிலும் கதவு உடனே திறக்கவில்லை. தூய அறிவியலில் இடங்கள் நிரம்பிவிட்டன, வரலாற்றுப் பிரிவில் வேண்டுமானால் இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். வராந்தாவில் எங்களைப் பார்த்த தாவரவியல் ஆசிரியை ஒருவர்தான் நிலவரத்தை விளக்கினார். பாலிடெக்னிக் சேர்க்கை முடியும்போதும், தனியார் பள்ளிகளில் இடம் கிடைத்தவர்கள் டி.சி. வாங்கிப் போகும்போதும் ஒவ்வொரு பிரிவிலும் சில இடங்கள் காலியாகும். தினமும் வந்து நிற்பதைவிட, காத்திருப்போர் பட்டியலில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு, வாரத்தில் ஒருநாள் காலையில் வந்து பாருங்கள் என்றார். எமிஸ் முடிச்சு அவிழ்ந்ததும் இடம் காலியானதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

சேர்க்கும் அன்று தலைமையாசிரியை என்னைப் பேசவிடவில்லை. கணக்கைவிட்டுவிட்டு ஏனம்மா இந்தப் பிரிவு கேட்கிறாய் என்று பிள்ளையிடமே கேட்டார். வீட்டு மாட்டுக்கு மடிநோய் வந்து ஒரு காம்பு வீணாகிவிட்டது என்றும், பால் திரிந்து வந்த முதல் நாளே மருந்து கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார் என்றும், அந்த முதல் நாளில் என்ன நடக்கிறது என்று படிக்க வேண்டும் என்றும் அவள் தயங்காமல் சொன்னாள். பாடப்பிரிவுக் கட்டத்தை நிரப்பச் சொல்லிப் பேனாவை அவளிடமே கொடுத்தார் அந்த அம்மையார்.

வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளியில் தூய அறிவியல் தமிழ்வழியில் மட்டும்தான் இருக்கிறது. பத்து வரை தமிழில் படித்தவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தது, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025–26 கல்வியாண்டிலிருந்து இல்லை என்று ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு இது நிம்மதிதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டுப் பன்னிரண்டைத் தொடங்கும் வழக்கத்தைத் தடுக்கவும்தான் 2017–18இல் அந்தத் தேர்வைக் கொண்டு வந்தார்கள். பழைய வழக்கம் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இனி வீட்டாரின் வேலை; மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, பாடம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கிறேன்.

கணிதம் இல்லாத பிரிவை எடுப்பவர்களுக்குக் கடைசியாக ஓர் எச்சரிக்கை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடமான இயக்கவியலிலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடுகின்றன. கணிதம் எடுத்த பிள்ளைகளுக்கு அதை அவர்கள் வகுப்பில் விரிவாகச் சொல்லித் தருவார்கள். தூய அறிவியல் பிள்ளைகள் இயற்பியல் புத்தகத்தில் உள்ள சில பக்கங்களை வைத்தே சமாளிக்க வேண்டும். எங்கள் பெண் முதல் மாதத் தேர்வில் அங்கேதான் தடுமாறினாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கத்துத் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பகுதியை மட்டும் படித்துக்கொண்டு வருகிறாள். அவர் காசு வாங்க மறுப்பதால் அம்மா பால் ஊற்றுகிறார்.