விழுந்த மரம் கிடக்கட்டும்

வயல்வெளியை ஒட்டிய ஒரு சின்னக் காட்டுக்குள் நேற்று நடந்தோம். வரப்பு முடிந்து மரநிழல் தொடங்கும் ஓரத்தில் வெளிச்சம் தாராளம், அதனால் புதரும் பட்டாம்பூச்சியும் அங்கேதான் அதிகம்.

உள்ளே ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. பட்டை உரிந்த இடத்தில் விரல் வைத்தால் கட்டை பஞ்சாக அமுங்குகிறது. அடியில் வெள்ளை நூல்நூலாகப் பூஞ்சை இழைகள், மரவட்டைகள், வண்டுப் புழுக்கள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைப்பதில் பூஞ்சைகளை மிஞ்ச ஆளில்லை. அந்தச் சத்தெல்லாம் மறுபடி மண்ணுக்குத்தான்.

சுத்தம் செய்கிறோம் என்று பட்டமரங்களை அப்புறப்படுத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மரங்கொத்தி விரும்பிப் பொந்து குடைவது அவற்றில்தான். அது விட்டுப்போன பொந்தில் அப்புறம் சின்ன ஆந்தைகள் குடியேறும்.

போகிறவர்கள் கட்டையைப் புரட்டிப் பார்த்தால், பழையபடி மெதுவாக வைத்துவிடுங்கள். அடியில் இருப்பவற்றுக்கு ஈரம் முக்கியம்.