நெருஞ்சி, கருவேல், லாரிக் கம்பி: காரைக்குடிப் பக்கம் டூரிங் டயர் ஓட்டிப் பார்த்த அனுபவம்

காரைக்குடியில் கிளம்பி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி என்று ஒரு சுற்று வந்தால் பெரிய ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. கியர் இல்லாத சைக்கிளே போதும். ஆனால் டயரை இந்த மண் சும்மா விடாது. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல், பாதை ஓரத்துச் செம்மண்ணில் நெருஞ்சி, பெரிய ரோட்டில் வெடித்துச் சிதறிய லாரி டயரின் கம்பி. இந்த மூன்றையும் எந்த டயர் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு மழைக்காலம் முடிந்ததிலிருந்து அடுத்த மழைக்காலம் வரை பார்த்துக் குறித்து வைத்தேன்.

என்னுடையது 700சி சக்கரம். டயரின் பக்கவாட்டில் 37-622 என்று போட்டிருக்கும். 37 என்பது டயரின் அகலம், 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 700சி டயரையும் சிலர் 28 இஞ்ச் என்று சொல்வார்கள். தாத்தா காலத்து 28 இஞ்ச் சைக்கிளுக்கோ 635 வேண்டும், அதில் இது உட்காராது.

பின்னால் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்ற டூரிங் டயர், அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கானது. முன்னால் உள்ளூர்க் கடையில் வாங்கிய சாதா நைலான் டயர், அதற்குள் டியூபுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் லைனர் பட்டை. ஒரே பாதையில், ஒரே வெயிலில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கத்தான் இப்படிப் போட்டேன். பின் சக்கரத்தில் எடை அதிகம் இறங்கும். தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் நிமிர்த்திவிட, அது பின் டயரில் ஏறுவதும் உண்டு. அதனால் இடையில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றியும் ஓட்டினேன்.

தை, மாசியில் நெருஞ்சிதான் ஆள்கிறது. மழைக்குப் படர்ந்து மஞ்சள் பூ பூத்த கொடி அப்போது காய்ந்திருக்கும். காய் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முள், கூடவே குட்டையாக இரண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்து நிற்கும். கண்மாய்க் கரையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் இரண்டு டயரிலும் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாரத்தான் பிளஸில் அவற்றை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுக் கிளம்பலாம். தரையில் படும் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நைலான் நூல் அடுக்குக்கும் நடுவில் 5 மி.மீ. கனத்துக்கு மெத்தென்ற நீல ரப்பர் பட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். நெருஞ்சி முள்ளின் நீளம் அதைத் தாண்டி டியூபைத் தொடப் போதவில்லை. கெவ்லர் பட்டை வைத்த டயர் நல்லதில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது கெட்டியான இழைகளால் நெய்த மெல்லிய துணி. கண்ணாடி கிழிப்பதை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஊசி போன்ற முள் இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். நம் பக்கத்து முள்ளுக்குக் கனம்தான் மருந்து.

லைனர் போட்ட சாதா டயர் நடுப்பகுதியில் நன்றாகத் தாங்கியது. அடி வாங்கியது தோளில், அதாவது நடுப்பகுதி முடிந்து பக்கவாட்டு தொடங்கும் ஓரத்தில். லைனர் டயரின் நடுப் பட்டையை மட்டும்தான் மூடும். மணலில் சக்கரம் புதைந்து ஓடும்போது தோள்பட்டையும் தரையைத் தொடுகிறது, முள் அங்கே ஏறிவிடுகிறது. சாயங்காலம் கல் மாதிரி இருந்த சக்கரம் காலையில் தரையோடு படிந்திருக்கும். லைனர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: பட்டையின் இரு முனைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, டியூபுக்குப் பவுடர் தடவிப் போடுங்கள். இல்லாவிட்டால் முள் செய்யாத வேலையை அந்த முனையே உராய்ந்து செய்துவிடும்.

பங்குனி, சித்திரையில் கருவேல் வெட்டு. விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் வெட்டிய கிளைகளைப் பாதையில் இழுத்துப் போவார்கள், முள் சிதறிக் கிடக்கும். விரல் நீளத்துக்கும் இருக்கும் முள் அது. அது நேராகக் குத்தினால் மாரத்தான் பிளஸும் நிற்காது, எனக்கு நிற்கவில்லை. ஆத்தங்குடிக்கு முன்னால் காற்று போனது. டியூபை ஒட்டி மாட்டினேன், குன்றக்குடி வருவதற்குள் மறுபடி போய்விட்டது. அங்கிருந்த சைக்கிள் கடை அண்ணனிடம் டியூபை நீட்டினேன்.

“டியூபை விடு தம்பி, மொதல்ல டயரைக் கொண்டா.”

“உள்ளே கையால தடவிப் பாத்துட்டேண்ணே, ஒண்ணும் தட்டுப்படல.”

“கைக்குத் தட்டாது. பஞ்சு குடு.”

ஒரு கொத்துப் பஞ்சை டயரின் உட்புறத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நாலைந்து இழை மட்டும் சிக்கி நின்றது. வெளியே முள் ஒடிந்து ரப்பரோடு ரப்பராகிவிட்டது, உள்ளே நுனி மட்டும் மணல் பருக்கை அளவுக்கு எட்டிப் பார்த்தது. ஊசியால் உள்ளிருந்து நெம்பிக் குறட்டால் வெளியே இழுத்தார். அன்றிலிருந்து டயரில் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வருமாறுதான் மாட்டுகிறேன். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் முள் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

லாரிக் கம்பி வேறு ஜாதி. திருமயம் ரோட்டில் ஓரம் கட்டி ஓட்டும்போது அதிகம் ஏறுகிறது. மயிரிழைக் கனம், துருப்பிடித்த நிறம். ஏறியவுடன் குத்தாது. சக்கரம் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும். கனமான ரப்பர் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. வாரம் ஒரு முறை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறேன். பாதி வழியில் நின்ற கம்பிகளை நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். சாதா டயரில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

வெயிலைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று வைத்த டயர் 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால் ஏறுவது 5 பி.எஸ்.ஐ. சுமார்தான். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. காற்றுக் குறைவுதான் கெடுதல். டயர் பக்கவாட்டில் மடிந்து மடிந்து விரிசல் விடும், குழியில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

ஐப்பசி மழையில் பாட்டில் கண்ணாடி வேலையைக் காட்டியது. நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும். மாரத்தான் பிளஸில் மேல் ரப்பரில் இரண்டு வெட்டு விழுந்தது. உள்ளே தங்கிய சில்லை எடுக்காமல் விட்டால் அது ஓட ஓட ஆழமாகப் போகும், அதனால் ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்தேன்.

தேய்மானம்: செம்புறாங்கல் சரளையில் சாதா டயரின் நடுப் பட்டன்கள் மழுங்கிவிட்டன, பக்கவாட்டில் நூல் தெரிகிறது. அதைக் கழற்றிவிட்டேன். மாரத்தான் பிளஸ் நடுவில் கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நீலப் பட்டை தெரியும்வரை ஓட்டலாம்.

குறையும் உண்டு. ஒரு டயரே ஒரு கிலோவை நெருங்குகிறது, நின்று கிளம்பும்போது கால் அதை உணர்கிறது. மாட்டுவதும் கடினம். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, டயரின் கம்பி விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அழுத்திக்கொண்டே இரு பக்கமும் வந்து வால்வில் முடித்தால் விரலாலேயே ஏறும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் உதவும்.

இப்போது இரண்டு சக்கரத்திலும் மாரத்தான் பிளஸ்தான், புதியது முன்னால். பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அதில் நீலம் தெரியும்போது முன்னதைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டு முன்னால் புதிது போடுவேன். முன் சக்கரத்தில் சட்டென்று காற்று போனால் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம், அதனால் நல்ல டயர் எப்போதும் முன்னால்தான்.